பட்டா இல்லாத கல்

துரைக்கண்ணு ஐயாவின் பெயர் எங்கெல்லாம் எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள், சொல்லி மாளாது. எங்கே எழுதவில்லை என்று கேளுங்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் ரோட்டில் அவர் நடத்தும் கலை அறிவியல் கல்லூரிக்கு அவர் பெயர்தான். கல்லூரி பஸ்ஸின் நெற்றியில், முதுகில், இரண்டு விலாவிலும் அவர் பெயர். கேன்டீன் டம்ளரின் அடியில் அவர் பெயர். இயற்பியல் லேபுக்கு அவர் வாங்கிக் கொடுத்த ஃபேனின் மூன்று இறக்கையிலும் அவர் பெயர். வேகமாக ஓடினால் படிக்க முடியாதே என்று துறைத் தலைவர் ஜெகதீசன் அதை எப்போதும் ஒன்றாம் நம்பரிலேயே வைத்திருப்பார். அந்த ஃபேனுக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த ஆரோக்கியசெல்வி வானத்தில் இரண்டு கல்லைக் கண்டுபிடித்தாள்.

கண்டுபிடித்தாள் என்றதும் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை நட்டுக்கொண்டு கண் விழித்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கல்லூரியில் டெலஸ்கோப்பும் கிடையாது, மொட்டை மாடிக்குச் சாவியும் கிடையாது. வெளிநாட்டில் ஒரு மலை உச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கி எடுக்கும் படங்களை ஓர் அமைப்பு உலகம் முழுக்க உள்ள மாணவர்களுக்குச் சும்மா அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே வானத்துண்டைக் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு நான்கு முறை எடுத்த படங்கள். கம்ப்யூட்டரில் அவற்றை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரமெல்லாம் போட்டது போட்ட இடத்தில் இருக்கும். ஏதாவது ஒரு புள்ளி மட்டும் நான்கு படத்திலும் நேர்கோட்டில் நகர்ந்துகொண்டே போனால் அது சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் லட்சக்கணக்கான கற்களில் ஒன்று. இதுவரை யாரும் பார்க்காத கல்லாக இருந்துவிட்டால், பார்த்தவர் பெயர் கண்டுபிடித்தவர் என்று உலகத்துப் பதிவில் ஏறும். பிற்பாடு அதற்குப் பெயர் வைக்கும் உரிமையும் அவருக்குத்தான்.

ஜெகதீசன் சார் இதில் கல்லூரியைச் சேர்த்துவிட்டதற்கு விண்வெளி ஆசை காரணமில்லை. கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வரப்போகிறது, ‘சர்வதேச ஆராய்ச்சி’ என்று ஒரு வரி காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் சமோசா கொடுத்தார்கள், வகுப்பே வந்தது. இரண்டாம் நாள் சமோசா இல்லை, ஆரோக்கியசெல்வி மட்டும் வந்தாள். அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. சின்ன வயதிலிருந்து வீட்டில் கேப்பையில் கல் பொறுக்குவது அவள் பாடு. முறத்தில் ஒரு கல் தப்பினாலும் அப்பாவின் பல்லில் மாட்டும், அதனால் கண் அப்படிப் பழகியிருந்தது. அவளுடைய வாயும் கண்ணைப் போலத்தான், எதையும் விடாது. லேபில் தனியாக உட்கார்ந்துகொண்டு, நகராத புள்ளிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே பார்ப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒரே வானத்துண்டில் இரண்டு புள்ளிகள் நகர்ந்தன. ஒன்று பளிச்சென்று, குருடனுக்கும் தெரிகிற மாதிரி. இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, மூக்கைத் திரையில் வைத்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஓடிப்போய் ஜெகதீசன் சாரைக் கூப்பிட்டு வந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பெரிய புள்ளி அவருக்குத் தெரிந்தது. சின்னப் புள்ளி கடைசி வரை தெரியவில்லை, ஆனாலும் தெரிகிறது என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு நேரே தாளாளர் அறைக்கு ஓடினார். பின்னாலேயே அவளும் ஓடினாள். பாராட்டுவார்கள் என்றுதான் அந்தப் பைத்தியம் நினைத்தது.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் ஏரி வற்றி மீன் பிடிக்கும்போது, சேற்றில் இறங்கி வலை போடுபவர்கள் காலனி ஆட்கள். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் பெரிய வீட்டுக்காரர். பெரிய மீன் முதலில் நாற்காலிக்குப் போகும். மிச்சம் இருக்கும் பொடி மீனை இறங்கினவர்கள் பிரித்துக்கொள்ளலாம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் கேட்டதும் இல்லை. தாளாளர் அறையில் வானத்தையும் அப்படியே பங்கு போட்டார்கள்.

துரைக்கண்ணு ஐயா விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பெயர் வைக்கும் உரிமை என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டுல எது பெருசு?”

“இதுங்க ஐயா,” என்று ஜெகதீசன் சார் பிரிண்ட் எடுத்த படத்தில் பளிச்சென்ற புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

“அப்ப அது நம்மளது. சின்னது அந்தப் பொண்ணுக்கே இருக்கட்டும். பாவம், கண்ணு நோவப் பாத்துக்கினு இருந்திருக்குது.”

ஆரோக்கியசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டையும் தான்தான் பார்த்ததாகச் சொன்னாள். அந்த அறையில் மாணவிகள் யாரும் எதிர்த்துப் பேசி வழக்கமில்லை. ஜெகதீசன் சார் பயந்து இருமினார். துரைக்கண்ணு ஐயா கோபப்படவில்லை, சிரித்தார்.

“யாரும்மா இல்லன்னா? நீதான் பாத்த. கம்ப்யூட்டர் யாருது? கரண்டு யாருது?”

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய அப்பா அந்தோணிசாமி கிணறு வெட்டுபவர். ஓமந்தூர்ப் பக்கத்தில் அவர் வெட்டாத கிணறு குறைவு. துரைக்கண்ணு ஐயாவின் கொல்லை நிலத்தில் பாறையை உடைத்து உடைத்து, எல்லோரும் கைவிட்ட பிறகும் விடாமல் இறங்கி ஊற்றைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதில் வெடி வைக்கும்போது இடது கையில் இரண்டு விரல் போயிற்று. தண்ணீர் வந்தது, கிடா வெட்டினார்கள், சிமெண்ட்டில் பெயர் பதித்தார்கள். இன்றைக்கும் அது துரைக்கண்ணு கிணறு. அதற்குள் அவள் அப்பாவின் விரல் இருக்கிறது, பெயர் இல்லை. நிலம் அவருடையது, அதனால் கிணறு அவருடையது என்று ஊரே சொன்னபோது அவள் சின்னப் பெண், வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் இது வானம். வானத்தில் யார் பேரில் பட்டா இருக்கிறது?

கேட்டு என்ன ஆகப்போகிறது? பெரிய கல்லைக் கண்டுபிடித்தவர் துரைக்கண்ணு, துணை ஜெகதீசன் என்று ஓர் அறிக்கை அன்றைக்கே வெளிநாட்டுக்குப் போயிற்று. சின்னக் கல்லுக்கு இன்னோர் அறிக்கை. அதை டைப் அடிக்க ஜெகதீசன் சாருக்கு நேரமில்லை, அவளையே அடித்து அனுப்பிக்கொள்ளச் சொன்னார். அவள் தன் பெயரை மட்டும் போட்டு அனுப்பினாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர், போனால் போகிறது, சின்னதையாவது கொடுத்தார்களே என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. துரைக்கண்ணு எடுத்துக்கொண்டதைவிட இது வலித்தது. அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்தாள்.

மறுநாள்தான் அவளுக்கு ஒரு யோசனை தட்டியது, அந்தப் பெரிய கல்லை ஏற்கெனவே யாராவது பார்த்திருந்தால்? ஏற்கெனவே தெரிந்த கற்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்தால், தெரிந்த கல்லை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பிள்ளைகள் சினிமா பார்க்கிறார்கள் என்று தாளாளர் லேபுக்கு வரும் இன்டர்நெட்டை எப்போதோ பிடுங்கிவிட்டார். படங்கள்கூட ஜெகதீசன் சாரின் பென் டிரைவில்தான் வந்தன. அவள் பஸ்ஸில் போய்க்கொண்டே தன் போனில் தேடினாள். அந்த நாளில், அந்த இடத்தில், அந்தப் பக்கமாக நகரும் பளிச்சென்ற கல். உடனே வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்பே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பார்த்து, எண் வாங்கி, பெயரும் வைத்துவிட்ட கல். ஏன் இருக்காது? குருடனுக்கும் தெரிகிற கல்லை உலகத்தில் மற்றவர்கள் விட்டு வைத்திருப்பார்களா? பெரிய கல்லையெல்லாம் எப்போதோ பொறுக்கிவிட்டார்கள். இனிமேல் புதிதாகக் கிடைப்பதென்றால் பொடிசில்தான் கிடைக்கும். பட்டியலில் சின்னக் கல்லையும் தேடினாள். அது எங்கேயும் இல்லை.

அவள் நல்ல பெண்தான், சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் போனாள். ஜெகதீசன் சார் ஐயாவின் பாராட்டு விழாவுக்காகத் திண்டிவனத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் இருந்தார். கம்ப்யூட்டர் திரையில் துரைக்கண்ணு ஐயா கோட்டு சூட்டோடு கையில் பூமி உருண்டையை ஏந்திக்கொண்டிருந்தார், தலைக்குப் பின்னால் சனியின் வளையம் ஒளிவட்டமாகச் சுற்றியது. ‘விண்ணை வென்ற வள்ளலே’ என்று மேலே எழுதியிருந்தது. அவள் போனைக் காட்டினாள். ஜெகதீசன் சார் முகம் வெளுத்தது. அடுத்த வருஷம் காலியாகும் பிரின்சிபால் நாற்காலிக்காக அவர் எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறார். வெளிநாட்டுக்காரன் தப்பாக எழுதியிருப்பான், நீ போய்ப் பரீட்சைக்குப் படி என்று அவளை அனுப்பிவிட்டு, சனி வளையத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

இரண்டாவதாகத் தாளாளரிடமே போனாள். அவரைச் சுற்றிக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கல் என்று ஆரம்பித்ததுமே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உனக்கும்தான் ஒரு கல்லு குடுத்தாச்சே. இன்னும் இன்னா பேஜாரு?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் தரமும் திறக்க அவளுக்கென்ன தலையெழுத்தா?

விழாவுக்கு முன்னால் கல்லுக்கு ஜாதகம் கணித்தார்கள். சத்தியமாக. ஜோசியர் பிறந்த நேரம் கேட்டார். ஜெகதீசன் சார் வெளிநாட்டு மலையில் படம் எடுத்த நேரத்தைக் கொடுத்தார். ஜோசியர் கட்டம் போட்டு, இந்தக் கல்லுக்கு ஒரு பக்கம் செவ்வாய், மறுபக்கம் குரு, ஆகையால் கல்லுக்குச் சொந்தக்காரர் சட்டசபைக்குப் போவது உறுதி என்றார். வானியல்படி பார்த்தால் அதில் முதல் பாதி சரிதான். துரைக்கண்ணு ஐயாவுக்கு இரண்டாம் பாதி பிடித்துப்போய், ஃப்ளெக்ஸ் இரண்டை நான்காக்கினார். ரோட்டில் போன டவுன் பஸ்ஸுக்கெல்லாம் அவர் பூமி உருண்டையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் புதுச்சேரியிலிருந்து ஒரு ரிட்டையர்டு விஞ்ஞானியைக் கூட்டி வந்திருந்தார்கள். நல்ல மனிதர், வெள்ளந்தி. சால்வை, மாலை, வீரவாள் எல்லாம் முடிந்து, மைக்கைப் பிடித்து, இந்தக் கல்லைப் பற்றி மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல ஆசைப்பட்டார். அறிக்கையின் நகலை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார், போனை எடுத்து எதையோ தட்டினார், மறுபடி பார்த்தார். முதல் வரிசையில் ஜெகதீசன் சார் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஆரோக்கியசெல்வி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

“இந்தக் கல்லுக்கு ஏற்கெனவே பேர் இருக்குதுங்களே,” என்று விஞ்ஞானி மைக்கிலேயே சந்தோஷமாகச் சொன்னார். “கண்டுபிடிச்சவர் தன்னோட மாமியார் பேரை வெச்சிருக்கார். மருமகனுக்கு நல்லா மீன் சமைச்சுப் போடுவாங்களாம், அந்த நன்றிக்காகவாம்.”

பந்தலில் பின் வரிசையில் யாரோ ஒரு பையன் சிரித்தான், அது அப்படியே முன்னால் வந்தது. கட்சிக்காரர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேடையில் துரைக்கண்ணு ஐயா வீரவாளோடு உட்கார்ந்திருந்தார், அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் அவருக்குப் பின்னால் மாமியார் கல் என்றே பேச்சு. நான்கு ஃப்ளெக்ஸும் பொழுது சாய்வதற்குள் இறங்கின. சட்டம் கழற்றும் கூலிக்குப் போயிருந்த அந்தோணிசாமி, யாரும் வேண்டாமென்று எறிந்த ஒன்றைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தார். அந்த வருஷம் அவர்கள் வீட்டு மல்லாட்டைக் கடலை துரைக்கண்ணு ஐயாவின் முகத்தின் மேல்தான் காய்ந்தது.

சின்னக் கல்லை எல்லோரும் மறந்தார்கள், அவளைத் தவிர. ஒரு தடவை பார்த்ததோடு எந்தக் கல்லும் யாருக்கும் சொந்தமாகிவிடாது. மறுபடி பார்க்க வேண்டும், அது போகும் பாதையைக் கணக்கிட வேண்டும், கணக்கிட்ட இடத்தில் அடுத்த வருஷமும் அது வந்து நிற்க வேண்டும். முதல் வாரத்திலேயே வேறொரு தொலைநோக்கியில் அது தென்பட்டது, தற்காலிகமாக எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் கொடுத்தார்கள். பிறகு சூரியனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அடுத்த வருஷம் யாரோ பார்த்தார்கள், அதற்கடுத்த வருஷமும் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் பாதை கொஞ்சம் தெளிவானது. சூரியனைச் சுற்றி வர அதற்கு நாலரை வருஷம். பாதை லேசாக நீள்வட்டம், கொஞ்சம் சாய்வு. சூரியனுக்கு எவ்வளவு கிட்டே வந்தாலும் செவ்வாயைத் தாண்டி உள்ளே வராது, எவ்வளவு தள்ளிப் போனாலும் வியாழனைத் தொடாது. பூமிப் பக்கம் எட்டியும் பார்க்காது. யார் வம்புக்கும் போகாமல் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும் கல்.

இதற்குள் அவள் பட்டம் வாங்கி, விழுப்புரத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, அங்கேயே ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போய், தொண்டை கட்டக் கத்திவிட்டு வருவாள். ஜெகதீசன் பிரின்சிபால் ஆகிவிட்டார். துரைக்கண்ணு ஐயா கட்சியில் ஒன்றியச் செயலாளர் ஆகிவிட்டார். அடுத்த தேர்தலில் சீட்டு அவருக்குத்தான் என்று பேச்சு. அப்போதுதான் மெயில் வந்தது. கல்லின் பாதை உறுதியாகிவிட்டது, நிரந்தர எண் கொடுத்தாயிற்று, கண்டுபிடித்தவர் ஆரோக்கியசெல்வி, அவர் ஒரு பெயரைச் சொல்லலாம், ஒரு குழு பார்த்து ஒப்புக்கொள்ளும். அவள் அதைப் பத்துத் தரம் படித்தாள். பேப்பரில் அவள் போட்டோவோடு செய்தி வந்தது.

பேப்பர் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்து அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் காலனி முனையில் கார் வந்து நின்றது. சந்துக்குள் கார் நுழையாது. துரைக்கண்ணு ஐயா கட்சிக்கரை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். அவர் காலனிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பின்னால் ஜெகதீசன், அவருக்குப் பின்னால் கட்சி ஆட்கள் பத்துப் பேர். அம்மா லூர்துமேரி பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டாள், கலர் வாங்கி வர ஓடினாள். ஐயா இப்போதுதான் குடித்ததாகச் சொல்லி, உடைத்த பாட்டிலைக் கையால்கூடத் தொடவில்லை. ஆரோக்கியசெல்வி அதைப் பார்த்துக்கொண்டாள். எதிரே ஆட்டுக் கொட்டகையின் கூரையில் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் போர்த்தியிருந்தது. வெளுத்துப்போயிருந்தாலும் பூமி உருண்டையும் ஒரு மீசையும் நன்றாகவே தெரிந்தன. ஜெகதீசன் அதைப் பார்த்துவிட்டு, ஐயாவின் கண்ணில் படாதபடி குறுக்கே போய் நின்றுகொண்டார். பேச்சு முடியும் வரை வெயிலில் அங்கேயேதான் நின்றார்.

ஐயா சுற்றி வளைக்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, நாளைக்கே வந்து சேரலாம். அவருடைய கம்ப்யூட்டரில் கண்டுபிடித்த கல்தானே, அவர் பெயரை வைத்துவிட்டால் எல்லோருக்கும் மரியாதை.

வேலைக்கு அவள் ஆசைப்படாமலா இருந்தாள்? அந்தக் கல்லூரிக்கே மூன்று தரம் மனுப் போட்டிருக்கிறாள், இடமில்லை என்று மூன்று தரமும் ஜெகதீசன் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு நொடி அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்தது. அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் வீட்டு வாசலிலேயே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். விரல் இல்லாத கையை மற்றக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார். அவள் மனசு கல்லாகிவிட்டது.

“ஐயா பேரு வெக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஒரே ஒரு ரூலுதான் இடிக்குது,” என்றாள்.

“இன்னா ரூலு?”

“அரசியல்ல இருக்கறவங்க பேரை வெக்கணும்னா, அவுங்க செத்து நூறு வருஷம் ஆயிருக்கணுமாம்.”

லூர்துமேரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். துரைக்கண்ணு ஐயா ஜெகதீசனைப் பார்த்தார். ஜெகதீசனுக்கு அந்த விதி தெரியும், பரிதாபமாகத் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, ஐயா அரசியல்வாதியே இல்லை, கல்வித் தந்தை, அதற்கு விதி ஒத்துக்கொள்ளும் என்று ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அந்த மனுஷர் வாழ்நாளில் தானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

“அப்ப வேலை சுலபங்க,” என்றாள் அவள். “ஐயா அரசியல்ல இல்லன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே அனுப்பிடறேன்.”

வாசலில் நின்ற பத்துப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அதில் இரண்டு பேருக்கு அதே சீட்டின் மேல் கண். ஐயா வாயைத் திறந்தார், மூடினார். வேட்டிக் கரையைத் தடவினார். சொன்னால் பொழுது சாய்வதற்குள் மாவட்டத்துக்குச் செய்தி போய்விடும், சொல்லாவிட்டால் செத்து நூறு வருஷம் காத்திருக்க வேண்டும். பாவம், அந்த மனுஷருக்கு அப்படி ஒரு சங்கடம் அதற்கு முன் வந்திருக்காது. கடைசியில், தன் பெயர் வேண்டாம், கல்லூரி பெயரை வைக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணினார்.

“வியாபாரம் பண்ற எடத்தோட பேரும் வெக்கக் கூடாதாம் ஐயா.”

“காலேஜு வியாபாரமா?”

காலனியில் பாதி வீடு அந்தக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பி ஃபீஸ் கட்டுகிற வீடு. சந்தில் கூடியிருந்த பெண்களில் ஒருத்திக்கு இருமல் வந்தது, அது இன்னொருத்திக்கும் வந்தது, கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்க இருமியது. துரைக்கண்ணு ஐயா எழுந்தார்.

“இன்னா அந்தோணி, பொண்ணுக்கு வாய் நீண்டு போச்சே.”

“படிச்ச புள்ளைங்க ஐயா,” என்றார் அந்தோணிசாமி, தரையைப் பார்த்துக்கொண்டு. “உங்க காலேஜுதான்.”

அவர் பணிவாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று ஐயாவுக்கும் விளங்கவில்லை, ஆரோக்கியசெல்விக்கும் விளங்கவில்லை. கார் போயிற்று. அந்த வேலை போயிற்று, இனி அந்தக் கல்லூரி வாசல் அவளுக்கில்லை. அதை நினைத்துக் கொஞ்சம் அழுதாள். அழுதுவிட்டு அந்தக் கலரை எடுத்துத் தானே குடித்தாள்.

சாயங்காலம் அப்பாவும் அவளும் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள். பெயரை அவள் மெயில் வந்த அன்றைக்கே அனுப்பிவிட்டிருந்தாள். அந்தோணிசாமி. பெயருக்குக் காரணம் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கிணறு வெட்டுபவர், பாறைக்கு அடியில் தண்ணீரைக் கண்டுபிடித்தவர் என்று எழுதியிருந்தாள். குழு ஒப்புக்கொண்டால் உலகம் உள்ளவரை அந்தக் கல்லுக்கு அதுதான் பெயர், யாரும் மாற்ற முடியாது.

அவர் கை நின்றது. கண் கலங்கியதைத் தூசி விழுந்தது மாதிரி துடைத்துக்கொண்டார். பிறகு தொழில்காரன் புத்தி வந்துவிட்டது, அது எவ்வளவு பெரிது என்று கேட்டார். நம்ம ஊர் ஏரி அளவுக்கு இருக்கும் என்றாள். தண்ணீர் இருக்கிறதா என்றார். தெரியவில்லை, அந்தப் பக்கத்தில் சில கற்களில் ஐஸ் இருக்கிறதாம் என்றாள். அவர் அதை யோசித்துக்கொண்டே நான்கு காயை உரித்தார்.

“நம்ம பக்கம் எப்பனா வருமா அது?”

அவள் ஒரு மல்லாட்டையைச் சூரியன் என்று தரையில் வைத்து, விரலால் வட்டம் வட்டமாக வரைந்து காட்டினாள். இது நாம், இது செவ்வாய், வெளியே இருப்பது வியாழன், நடுவில் இந்தத் தடத்தில் உன் கல். நாலரை வருஷத்துக்கு ஒரு சுற்று. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதன் தடம் நம் தடத்தை வந்து தொடாது. சொல்லும்போதே அவளுக்கு வருத்தமாக இருந்தது, அப்பா அதை வெறுங்கண்ணால் பார்க்கக்கூட முடியாதே என்று.

“வராதுப்பா,” என்றாள்.

அந்தோணிசாமி அந்த வட்டங்களைப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து, காலனிக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடந்த பெரிய வீட்டுக்காரர்களின் கொல்லைகளைப் பார்த்தார்.

“வர வாணாம்மா,” என்றார். “வந்தா அவுங்க நெலத்துலதான் வுழும்.”